மூடிய யுரேனிய ஆலையின் நிலத்தடி நீரைச் சுத்தம் செய்வது: எதற்குப் பிறகு எது

தாதுவிலிருந்து யுரேனியம் பிரித்தெடுத்த ஆலை மூடி அறுபது வருடம் ஆன இடத்தில்கூடக் கிணற்று நீரைச் சோதித்தால் யுரேனியம் வரம்பைத் தாண்டி நிற்கலாம். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதல் நாளே கேட்பது: "எந்தப் பம்பு போடலாம், எந்த ரெசின் வாங்கலாம்?" (ரெசின் என்பது நீரிலிருந்து யுரேனியத்தைப் பிடித்துவைக்கும் சிறு மணிகள்.) அது எட்டாவது படியில் கேட்கவேண்டிய கேள்வி. முதலிலேயே கேட்டு, பணத்தைக் கொட்டி, ஐந்து வருடம் கழித்து மறுபடி முதல் படிக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தவறு எங்கே என்றால், அவர்கள் சுத்தம் செய்ய நினைப்பது தண்ணீரை. ஆனால் யுரேனியத்தில் பெரும்பங்கு நீரில் இருக்காது. மண்துகள்களில் ஒட்டிக்கொண்டு, நீர் சுத்தமாக ஆக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். கீழே வரும் எல்லாப் படிகளின் வரிசையும் இந்த ஒரு காரணத்தால் அமைந்தது.

உதாரணங்கள் அமெரிக்காவின் பழைய ஆலைகளிலிருந்து. அதிலும் கொலராடோ மாநிலத்து ரைஃபிள் ஊரின் பழைய ஆலை இடத்துக்குத்தான் அடிக்கடி திரும்பி வருவேன். ஆற்றங்கரை, சில மீட்டர் ஆழத்துக்குச் சரளையும் மணலும், அதற்குக் கீழே களிப்பாறை என்று அந்த இடம் படித்துக்கொள்ள எளிதானது.

1. யார் குடிக்கிறார்கள் என்று பாருங்கள்

எந்த அளவீட்டுக்கும் முன்னால், சுற்றுவட்டாரத்தில் ஓடும் கிணறுகளைப் பட்டியல் போடுங்கள். வீட்டுக் கிணறு, தோட்டக் கிணறு, மாட்டுத் தொட்டிக்குப் போகும் குழாய், எல்லாம். நீரில் கரைந்த யுரேனியத்தின் முதல் கெடுதல் சிறுநீரகத்துக்கு. கதிர்வீச்சு அதற்குப் பிறகுதான்.

சுத்திகரிப்புக்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை மக்கள் காத்திருக்க முடியாது. வயோமிங்கில் ரிவர்டன் ஆலை இருந்த இடத்தைச் சுற்றியுள்ள பழங்குடி மக்களுக்கு வெளியிலிருந்து குழாயில் குடிநீர் கொண்டுவந்தார்கள். மாற்றுக் குடிநீரும், அந்தப் பகுதியில் புதுக் கிணறு தோண்டத் தடையும் முதலில் வரட்டும். அப்புறம் மீதி வேலையை நிதானமாகச் செய்யலாம்.

2. பழைய காகிதங்களைத் தோண்டுங்கள்

ஆலை எப்படி ஓடியது என்று தெரியாமல் நீரில் எதைத் தேடுவது என்று தெரியாது. தாதுவைக் கரைக்க ஒரு ஆலை கந்தக அமிலம் பயன்படுத்தியிருக்கும், இன்னொன்று சோடியம் கார்பனேட். மஞ்சள் தூளை, அதாவது பிரித்தெடுத்த யுரேனியச் சேர்மத்தை, வீழ்படிய வைக்க அம்மோனியா ஊற்றியிருக்கலாம். ஒவ்வொன்றும் நிலத்தடியில் தன் கையெழுத்தை விட்டுச்செல்லும்: சல்பேட், நைட்ரேட், அம்மோனியா. தாதுவோடு வந்த வனேடியம், மாலிப்டினம், செலினியம், ஆர்சனிக் வேறு.

கையில் இருக்கவேண்டியவை: ஆலையின் செயல்முறை வரைபடம், ஆலை ஓடிய காலத்து வான்வழிப் படங்கள், கழிவுநீர்க் குட்டைகளின் இடம், பழைய துளைப் பதிவுகள், பக்கத்து ஆற்றின் நீர்மட்டப் பதிவு. இவற்றில் புதியவர்கள் தவறாமல் விடுவது வான்வழிப் படம். வரைபடத்தில் இல்லாத குட்டை படத்தில் கறுப்பாகத் தெரியும். மிக மோசமான மாசு அடிக்கடி அங்கேதான் இருக்கும்.

நைட்ரேட்டைத் தனியாகக் குறித்து வையுங்கள். எட்டாவது படியில் அது பல திட்டங்களைக் கவிழ்க்கும்.

3. எந்த எண்ணை நோக்கிப் போகிறோம்?

அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் பழைய ஆலை இடங்களுக்கு, யுரேனியத்தின் இரு வகைகளான யுரேனியம்-234, யுரேனியம்-238 இரண்டும் சேர்ந்து லிட்டருக்கு 30 பிக்கோகியூரி (கதிரியக்கத்தின் அலகு) என்பது நிலத்தடி நீர் வரம்பு. இரண்டின் கதிரியக்கமும் சமமாக இருந்தால் அது லிட்டருக்கு 44 மைக்ரோகிராம். குடிநீர் வரம்பு வேறு: லிட்டருக்கு 30 மைக்ரோகிராம்.

இரண்டிலும் "30" வருவதால் குழப்பம் சகஜம். ஒரு அறிக்கையில் பிக்கோகியூரி, இன்னொன்றில் மைக்ரோகிராம் என்று இருக்கும். யாரோ இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுவிடுவார்கள். எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதலில் அலகைப் பாருங்கள்.

அடுத்து, அந்த இடத்தின் இயற்கை அளவு. ஆலைக்கு மேல்நீரோட்டத் திசையில், மாசு எட்டாத இடத்தில் குறைந்தது மூன்று நான்கு கிணறு வேண்டும். ஒரே ஒரு கிணற்றை வைத்து 'இதுதான் இயற்கை அளவு' என்று சொல்வது ஒரு வீட்டுக் குழம்பை ருசித்துவிட்டு ஊர்ச் சமையலைப் பற்றிப் பேசுவது போல. சில பாறைகளிலேயே யுரேனியம் நிறைய. நியூ மெக்சிகோவின் ஷிப்ராக் பகுதியில் அடியில் கிடக்கும் மான்கோஸ் களிப்பாறை அப்படிப்பட்டது.

ஆலையிலிருந்து வந்ததா, பாறையிலிருந்து வந்ததா என்று பிரிக்க ஒரு நல்ல வழி உண்டு. யுரேனியம்-234-க்கும் 238-க்கும் உள்ள கதிரியக்க விகிதத்தைப் பாருங்கள். ஆலை தாதுவை முழுசாகக் கரைத்துவிடுவதால் அதன் கழிவில் விகிதம் ஏறத்தாழ 1. இயற்கையாகப் பாறையிலிருந்து கசியும் நீரில் அது பெரும்பாலும் 1-ஐ நன்றாகவே தாண்டியிருக்கும். ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சல்பேட், நைட்ரேட்டோடு சேர்த்துப் படியுங்கள்.

4. ஊற்றை அடைக்காமல் நீரைத் தொடாதீர்கள்

தாதுவை அரைத்து யுரேனியம் எடுத்தபின் மிஞ்சும் மணலும் சேறும், டெய்லிங்ஸ் என்பார்கள், அங்கேயே கிடந்தால் மழை ஒவ்வொன்றும் புது மாசை இறக்கும். ரைஃபிளின் பழைய ஆலையிலிருந்த குவியலை 1996-க்குள் ஊருக்கு வெளியே எஸ்டஸ் கல்ச் என்ற இடத்துக்கு மாற்றிப் புதைத்தார்கள். யூட்டா மாநிலத்து மோவாபில் கொலராடோ ஆற்றங்கரையில் 1.6 கோடி டன் கிடந்தது. 2009 முதல் ரயிலில் ஏற்றி 48 கிலோமீட்டர் தள்ளி கிரசன்ட் ஜங்ஷனுக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

இங்கேதான் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. குவியலை அள்ளிவிட்டால் ஊற்று போய்விட்டது என்று நினைப்போம். குவியலுக்கு அடியிலிருந்த மண், குட்டையின் தரை, நீர்மட்டத்துக்கு மேலே காய்ந்து கிடக்கும் உப்புப் படிவு எல்லாம் சின்னச் சின்ன ஊற்றுகள்தாம். ரிவர்டனில் கழிவை 1980-களின் கடைசியிலேயே அகற்றியாயிற்று. 2010-இல் லிட்டில் விண்ட் ஆறு பெருக்கெடுத்தபோது கிணறுகளில் யுரேனியம் திடீரென்று ஏறியது. மேல்மண்ணில் உப்போடு தங்கியிருந்ததை வெள்ளம் கரைத்துக் கீழே இறக்கிவிட்டது.

அதனால் குவியல் இருந்த இடத்தில் மட்டும் தோண்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள். தரைமட்டத்திலிருந்து நீர்மட்டம் வரை உள்ள ஈரமில்லாத மண்ணையும் அரை மீட்டருக்கு ஒன்று என்று எடுத்துச் சோதியுங்கள்.

5. கிணறு போடுவதும் நீர்மட்டம் அளப்பதும்

நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிய மூன்று கிணறு போதும் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆற்றங்கரையில் போதாது. ரைஃபிளில் மே, ஜூன் மாதங்களில் பனி உருகி கொலராடோ ஆறு ஏறும்போது நீரோட்டத்தின் திசையும் சரிவும் மாறும். ஆகஸ்டில் மட்டும் அளந்துவிட்டு வரைபடம் போட்டால் அது ஆகஸ்டின் வரைபடம்.

எல்லாக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் ஒரே நாளில், மாதிரி எடுப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். பம்பு ஓடியபின் அளந்தால் உங்கள் பம்பின் பள்ளத்தைத்தான் அளக்கிறீர்கள். கிணற்றின் வாயில் ஒரு இடத்தில் கோடு கீறி, எப்போதும் அந்தக் கோட்டிலிருந்தே அளங்கள். கிணற்று வாய் பலமுறை சாய்வாக இருக்கும். இரண்டு சென்டிமீட்டர் பிழை சமதளத்தில் திசையையே திருப்பிவிடும்.

வடிகட்டிக் குழாய், அதாவது துளையிட்ட பகுதி, நீளமாக வேண்டாம். ஆறு மீட்டருக்குத் துளை போட்டால் மேலே உள்ள நல்ல நீரும் கீழே உள்ள கெட்ட நீரும் கலந்து சராசரி வரும். ஒன்றரை மீட்டர் நீளத்தில் வெவ்வேறு ஆழத்துக்கு இரண்டு மூன்று கிணறு பக்கத்தில் பக்கத்தில் போடுவது செலவு அதிகம்தான், ஆனால் மாசு எந்த ஆழத்தில் ஓடுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

6. மாதிரி எடுப்பது

இந்தப் படியை எல்லாரும் சுலபம் என்பார்கள். கெட்டுப்போகும் தரவில் பாதிக்கு மேல் இங்கேதான் கெடுகிறது என்பது என் அனுபவம்.

பம்பைத் துளைப் பகுதியின் நடுவில் நிறுத்துங்கள். மெல்ல இறக்குங்கள், தொப்பென்று விட்டால் அடிச்சேறு கலங்கும். நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டருக்குள் இழுங்கள். நீர்மட்டம் விறுவிறுவென்று இறங்கினால் வேகம் அதிகம்.

வெளியே வரும் நீரை காற்றுப் படாத ஒரு சிறு கலத்தின் வழியாக விட்டு அமில காரநிலை (pH), மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன், கலங்கல் ஆகியவற்றை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். மூன்று முறை தொடர்ந்து ஏறக்குறைய ஒரே அளவு வந்தபின்தான் புட்டி. கலத்தில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். ஒரு குமிழி போதும், ஆக்சிஜன் இல்லாத நீரில் ஆக்சிஜன் இருப்பதாகக் கருவி சொல்லிவிடும். அதை நம்பி நீங்கள் தப்பான முறையைத் தேர்ந்தெடுப்பீர்கள்.

அப்புறம் வரிசை: முதலில் 0.45 மைக்ரான் வடிகட்டி, பிறகு நைட்ரிக் அமிலம். அமிலம் நீரில் உள்ளதைப் புட்டிச் சுவரில் ஒட்டாமல் காக்கிறது. வரிசை மாறினால், நீரில் மிதக்கும் வண்டல் துகளில் ஒட்டிய யுரேனியத்தையும் அமிலம் கரைத்து இழுத்துவிடும். ஒரு தடவை எங்கள் குழுவில் புதிதாக வந்த தம்பி, நேரம் மிச்சம் பண்ணலாம் என்று காலையிலேயே எல்லாப் புட்டியிலும் அமிலம் ஊற்றி வைத்துவிட்டார். அது தப்பில்லை. ஆனால் மதியம் வடிகட்டி அடைத்துக்கொண்டதும், அமிலப் புட்டியில் நேராக நீரைப் பிடித்து, ராத்திரி அறையில் உட்கார்ந்து வடிகட்டினார். நல்ல மனசோடுதான் செய்தார். பதினான்கு கிணற்றின் எண்கள் குப்பைக்குப் போயின.

காரத்தன்மையைக் கிணற்றடியிலேயே, அமிலம் சேர்க்காத நீரில் அளங்கள். யுரேனியம் நீரில் ஓடுவதே கார்பனேட்டோடும் கால்சியத்தோடும் கைகோத்துக்கொண்டுதான். அந்தக் கூட்டு மண்ணில் ஒட்டுவது குறைவு. புட்டி ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் கரியமில வாயு வெளியேறி எண் மாறிவிடும். காரத்தன்மை தெரியாமல் யுரேனிய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அது எவ்வளவு வேகமாக நகரும் என்று சொல்ல முடியாது.

இருபது மாதிரிக்கு ஒரு இரட்டை மாதிரி, கருவி கழுவிய நீரில் ஒரு வெற்று மாதிரி. சுத்தமான கிணற்றில் தொடங்கி மோசமான கிணற்றில் முடியுங்கள்.

7. மண்ணைச் சோதித்துக் கணக்குப் போடுங்கள்

இப்போது துளைபோட்டு எடுத்த மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பி, அந்த இடத்து நீரோடு சேர்த்து எவ்வளவு ஒட்டுகிறது, எவ்வளவு விடுகிறது என்று பார்க்கவேண்டும். குழாய் நீரோடு சோதிக்கச் சொல்லிவிடாதீர்கள்; காரத்தன்மை மாறினால் விடை மாறும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. மாசு பரவிய இடம் 300 மீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம், நீர் நிறைந்த ஆழம் 4 மீட்டர், மண்ணில் கால்வாசி இடைவெளி. அதில் உள்ள நீர் 60,000 கன மீட்டர். நிமிடத்துக்கு 100 லிட்டர் இறைத்தால் ஒரு நாளைக்கு 144 கன மீட்டர். ஆக, 417 நாளில் எல்லாம் முடிந்தது. இப்படித்தான் ஒப்பந்தக்காரர் சொல்வார்.

யுரேனியம் மண்ணில் ஒட்டும் கெழு (எவ்வளவு ஒட்டும் என்பதன் அளவு) கிலோவுக்கு 0.5 லிட்டர், மண்ணின் அடர்த்தி லிட்டருக்கு 1.8 கிலோ என்று வையுங்கள். 1.8-ஐ 0.5-ஆல் பெருக்கி, 0.25-ஆல் வகுத்து, 1 கூட்டினால் 4.6. யுரேனியம் நீரைவிட 4.6 மடங்கு மெதுவாக நகரும். 417 நாள் என்பது ஐந்தேகால் வருடம் ஆயிற்று. அந்தக் கெழு 0.5 இல்லாமல் 2 என்று வந்தால்? 15.4 மடங்கு. பதினேழரை வருடம். அதுவும் மண் எல்லாம் ஒரே சீராக இருந்து, நீர் எல்லா மூலைக்கும் போய்வந்தால். களிமண் திட்டுகள் இருந்தால் இதற்கு மேலும் இழுக்கும்.

8. இப்போது முறையைத் தேர்ந்தெடுங்கள்

தானாகக் கழுவப்பட விடுவது. ஊற்று போய்விட்டது, யாரும் குடிக்கவில்லை, நீரோட்டம் நன்றாக இருக்கிறது என்றால் அமெரிக்க விதிகள் 100 வருடம் வரை இதற்கு இடம் கொடுக்கின்றன. செலவு குறைவு. ஆனால் சும்மா இருப்பது இல்லை. கண்காணிப்பு ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். ரைஃபிளின் பழைய ஆலையில் பத்து வருடத்தில் இறங்கிவிடும் என்று மாதிரிக் கணக்கு சொன்னது. இறங்கவில்லை. கரிமப் பொருள் நிறைந்த, ஆக்சிஜன் இல்லாத மண்திட்டுகள் யுரேனியத்தைப் பிடித்துவைத்து மெதுவாக விடுவதை அங்கே பிற்பாடு கண்டார்கள்.

இறைத்துச் சுத்திகரிப்பது. பரவலை ஆற்றுக்குப் போகாமல் நிறுத்தி வைக்க இது நல்ல ஆயுதம். முழுசாகச் சுத்தம் செய்யவும் இதுவே போதும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஓஹாயோவின் ஃபெர்னால்டில் கொழுத்த மணல் நீர்த்தாங்கி இருந்ததால் நன்றாக வேலை செய்தது. ஷிப்ராக்கைப் போலக் களிப்பாறைக்கு மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும் இடத்தில் கிணறு அடிக்கடி வறண்டு நிற்கும்.

இரும்புச் சுவர். நீரோட்டத்துக்குக் குறுக்கே பள்ளம் வெட்டி இரும்புத் துகளை நிரப்பினால், கடந்துபோகும் யுரேனியம் கரையாத வடிவத்துக்கு மாறி அங்கேயே தங்கிவிடும். யூட்டாவின் மான்டிசெலோவில் 1999-இல் போட்டார்கள். வெளியே வந்த நீர் அருமையாக இருந்தது. போகப் போக இரும்புக்கு இடையில் கால்சியம் கார்பனேட் படிந்து சுவர் அடைத்துக்கொண்டது, நீர் தேங்கத் தொடங்கியது. கடின நீர் உள்ள இடத்தில் சுவரை மாற்றும் செலவையும் முதல் நாளே திட்டத்தில் எழுதுங்கள்.

நுண்ணுயிருக்குத் தீனி போடுவது. 2002-இல் ரைஃபிளில் அசிடேட்டை நிலத்தடியில் செலுத்தினார்கள். ஜியோபேக்டர் என்ற நுண்ணுயிர் பெருகி, யுரேனியத்தைக் கரையாத வடிவத்துக்கு மாற்றி, ஐம்பது நாளுக்குள் சில கிணறுகளில் யுரேனியம் வரம்புக்குக் கீழே போனது. பிறகு சல்பேட்டைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆட்சியைப் பிடித்தன. யுரேனியம் திரும்ப ஏறியது. இரண்டு எச்சரிக்கை. நைட்ரேட் நிறைய இருந்தால் தீனி முழுவதும் முதலில் அதற்கே போகும். யுரேனியத்தின் முறை வரவே வராது. தீனி நின்று ஆக்சிஜன் திரும்பி வந்தால், படிந்தது மறுபடி கரையும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் சிறிய துண்டு நிலத்தில் சோதனை. எதைச் செலுத்துவதற்கும் முன்பு, மண்ணில் ஒட்டாமல் நீரோடு ஓடும் புரோமைடு கலந்த நீரை விட்டு, அது எந்தக் கிணற்றில் எத்தனை நாளில் தலைகாட்டுகிறது என்று பாருங்கள். நினைத்த கிணற்றில் வராது. பரவாயில்லை, அதைத் தெரிந்துகொள்ளத்தான் சோதனை.

9. வெளியே எடுத்த நீரும் அதன் கசடும்

யுரேனியம் எங்கேயும் போகாது, இடம் மாறும், அவ்வளவுதான். ரெசினில் ஏறும், ஆவிக் குட்டையின் அடியில் உப்போடு படியும், இரும்பில் ஒட்டும். அந்தக் கசடை எந்தக் கிடங்கு ஏற்கும் என்று எழுத்தில் வாங்காமல் பம்பை ஓட்டாதீர்கள்.

கார்பனேட்டோடு சேர்ந்த யுரேனியம் எதிர்மின் அயனி என்பதால் எதிர்மின் அயனியைப் பிடிக்கும் ரெசின் வேண்டும். சல்பேட்டும் நைட்ரேட்டும் அதே நாற்காலிக்குப் போட்டி போடும். விற்பவர் காட்டும் கொள்ளளவு சுத்த நீருக்கானது. உங்கள் நீரை அனுப்பிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஷிப்ராக்கில் 2003 முதல் இறைத்த நீரைப் பெரிய குட்டையில் ஆவியாக விட்டார்கள். வறண்ட காற்று உள்ள ஊருக்குச் சரி. அரிசோனாவின் டியூபா சிட்டியில் காய்ச்சி வடித்தார்கள். நீர் சுத்தமாக வரும், மின்கட்டணமும் அப்படியே வரும்.

10. நிறுத்திப் பாருங்கள்

எல்லாக் கிணறும் வரம்புக்குக் கீழே வந்துவிட்டது. கேக் வெட்டும் ஆசை வரும். பம்பு ஓடும்போது வரும் எண் பம்பின் எண். ஓட்டத்தில் நீருக்கு மண்ணோடு பேச நேரமில்லை. நிறுத்தினால் நீர் தங்கும், மண்ணிலிருந்து யுரேனியம் இறங்கும், எண் ஏறும்.

அதனால் பம்பை நிறுத்தி, ஒன்று, மூன்று, ஆறு, பன்னிரண்டாவது மாதங்களில் மாதிரி எடுங்கள். அந்த ஒரு வருடத்துக்குள் ஆறு ஏறி இறங்கும் பருவம் ஒன்றாவது அடங்கவேண்டும். பழைய குட்டைக்கு நேர் அடியில் உள்ள கிணற்றையும், களிமண் திட்டுக்குப் பக்கத்தில் உள்ளதையும் விட்டுவிடாதீர்கள். ஏறினால் இடைவெளி விட்டு விட்டு இறைப்பைத் தொடருங்கள்: இரண்டு மாதம் ஓட்டம், ஒரு மாதம் ஓய்வு. அதே அளவு நீருக்கு அதிக யுரேனியம் வரும், மின்சாரமும் மிச்சம்.

ஏறவில்லை என்றாலும் பம்பைக் கழற்றி ஏலம் விட அவசரப்பட வேண்டாம். அடுத்த பெருவெள்ளம் ஒன்று கடக்கும் வரை அது கொட்டகையில் கிடக்கட்டும்.